விரல் நீட்டிய பிஞ்சுகள்

ஜூலை 18, வெள்ளி

கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு குக்கரும் இந்த டைரியும் கொடுத்தார்கள். குக்கர் மறுநாளே அடுப்பில் ஏறிவிட்டது. டைரிக்கு இன்றுதான் வேலை வந்திருக்கிறது.

சாயங்காலம் என் தங்கை கமலவேணி ஸ்கூலில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். பிரித்தால் பட்டையாக, பழுப்பாக ஒரு பிடி விதை.

"சொரைக்கா வெதைக்கா. ஆனா சின்னச் சொரை. முத்துனாலும் உள்ளங்கைக்குள்ள அடங்கிருமாம். குடுவை மாதிரி இடுப்பெல்லாம் வெச்சு அழகா இருக்கும்."

"கூட்டு வெக்கலாமா?"

"கசக்குமாம். திங்கக் கூடாது."

"அப்பறம் எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

முப்பது வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள் நான். எத்தனையோ மாடல் என் மேஜைக்கு வந்திருக்கிறது. பார்ப்பதற்கு மட்டும் என்று ஒரு பீஸ் வந்ததில்லை. காயை முற்ற விட்டுக் காயப் போட்டால் ஓடு கட்டையாகிவிடுமாம், அதில் எல்.கே.ஜி. பிள்ளைகளைக் கொண்டு வர்ணம் அடிக்கப் போகிறாளாம். என்னதான் வருகிறது பார்ப்போம் என்று பின்வாசலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

கமலவேணி எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் பிள்ளை இல்லை என்று அந்த வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் வேறு கட்டிக்கொண்டான். இவள் எல்.கே.ஜி. டீச்சராகிவிட்டாள். நாள் முழுக்க விரலை நீட்டி நீட்டி "இது என்ன? இலை. இது என்ன? ஆடு" என்று சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே பழக்கம். நேற்று என் சாம்பாரைக் காட்டி "இது என்னக்கா?" என்றாள். உப்புப் போட மறந்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

விதை ஓடு சட்டைப் பட்டன் போலக் கெட்டியாக இருக்கிறது. அப்படியே போட்டால் முளைக்க மாதமாகுமாம். நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளி, தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தோம்.

இவர் பேப்பரை மடக்கிவிட்டுப் பார்த்தார். "பரவால்லயே. என்ற நகத்த வெட்டி உட ஆளக் காணம். சொரைக்காய்க்கு ரெண்டு பேரு."

ஜூலை 30, புதன்

மண்ணைத் தூக்கிக்கொண்டு இரண்டு முளை வந்துவிட்டது. ஒன்று விதை ஓட்டைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்துவிடலாம் என்று போனேன். "தானாக் கழட்டிக்கும், நீ கைய வெக்காத" என்று கமலவேணி தடுத்துவிட்டாள். அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். நான் உள்ளே காபி வைக்கப் போன நேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேகலா வந்திருந்தாள். என் ஒரே பெண். காங்கயத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நாலாவது மாதம் தொடங்கியிருக்கிறது என்றாள். போன வருடம் இதே சமயத்தில்தான் கலைந்து போனது.

எனக்கு இந்தச் சாமி, சாங்கியம் எல்லாம் பெரிதாகக் கிடையாது. சாயங்காலம் அவிநாசி கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்டேன், நெய் வீட்டில் நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொடி ஓட ஆரம்பித்துவிட்டது. இவர் கம்பி இழுத்துப் பந்தல் போட்டுக் கொடுத்தார். கட்டுவதற்குப் பனியன் வேஸ்ட்டைக் கீறி எடுத்துக்கொண்டேன். கயிறு மாதிரி தண்டை அறுக்காது.

கொடியின் சுருள் கை ஒன்று துணிக் கொடிக் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் எட்டவில்லை. மத்தியானம் பார்த்தால் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண் இல்லாமல் எப்படித் தெரிந்தது? கமலவேணியைக் கேட்டால் "அதுக்கும் வெரல் இருக்குதல்லக்கா" என்கிறாள். இது ஒரு பதிலா?

ஆகஸ்ட் 30, சனி

பூத்துவிட்டது. வெள்ளைப் பூ. ஊரில் எல்லாப் பூவும் காலையில் பூத்தால் இது பொழுதோட பூக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒவ்வொன்றாக விரிந்து, காலையில் நான் வாசல் தெளிக்கும்போது வாடித் தொங்குகிறது. காம்பு மட்டும் நீளம், அடியில் காய் எதுவும் இல்லை. எல்லாம் ஆண் பூவாம். பெண் பூ பின்னால்தான் வருமாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகலாவைக் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மா வந்திருந்தார். ரங்கநாயகி என்று பெயர். நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் ஒரு போசி வெண்ணெய் கொண்டுவருவார். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் படத்தை என்னிடம் கொடுத்துவைத்தார்கள்.

சாயங்காலம் பின்வாசலில் இருந்து கமலவேணி கூப்பிட்டாள். "எல்லாரும் வாங்க, பொண்ணுப் பூ வந்திருச்சு." போய்ப் பார்த்தோம். பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு முழுச் சுரைக்காய். இடுப்பு, கழுத்து எல்லாம் இப்போதே இருக்கிறது. மேலே மெல்லிய முடி. கமலவேணி வழக்கம்போல் விரலை அதன் மூக்கு வரைக்கும் நீட்டி "இதா பாருங்க, இதா" என்று காட்டினாள்.

"ஏனுங்க, கைய மடக்குங்க" என்றார் சம்பந்தியம்மா. "பிஞ்சப் பாத்து வெரல் நீட்டக் கூடாதுங்க, கருகிப் போயிரும். எங்க தோட்டத்துல பூசணிப் பிஞ்சக்கூட முட்டிய மடக்கித்தானுங்க காட்டுவோம்."

கமலவேணி சிரித்துக்கொண்டே மடக்கினாள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பின்னால் வந்த இரண்டும் விழுந்தன. அவற்றையும் கமலவேணி காட்டியிருந்தாள்.

வாரா வாரம் வரும் ஃபோனில் பிஞ்சு என்ன ஆச்சு என்று சம்பந்தியம்மா கேட்டார், நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. போன வருசம் ஸ்கேன் படம் வந்தப்ப உங்க தங்கச்சிதானுங்க அதைத் தூக்கிப் புடிச்சு, இதா தலை, இதா ஒடம்புன்னு வெரல் நீட்டி எல்லாத்துக்கும் காட்டுனாங்க. பத்து நாள் கழிச்சு என்ன ஆச்சு? இந்தத் தடவ வளையல் போடறன்னிக்கு அவங்க வர வேண்டாமுங்க. வந்தாலும் புள்ளைகிட்ட வராம அக்கட்ட நிக்கட்டும். போன தடவ அந்தப் புள்ள என்ற மடியில படுத்துத்தானுங்க அழுதுச்சு. இன்னொருக்கா என்னால பாக்க முடியாது."

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, மேகலாவைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது நவம்பரில். நடப்பது அவர்கள் வீட்டில். நான் "பாக்கலாமுங்க" என்றேன். மாசமாக இருக்கிற பெண் அந்த வீட்டில் இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது நன்றாக இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

திரும்பினால் கமலவேணி மாடிப்படியில் நிற்கிறாள். என் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கத்தும்.

செப்டம்பர் 15, திங்கள்

டிவி பக்கத்தில் இருந்த ஸ்கேன் படத்தை எடுத்துப் பீரோவில் வைத்தேன். வெளியே தூசி.

செப்டம்பர் 19, வெள்ளி

கமலவேணி எதையும் காட்டுவதில்லை. "அந்த டம்ளர எடுக்கா" என்று மோவாயைத் தூக்குகிறாள். கடைக்காரனிடம் கத்திரிக்காயைக் காட்ட விரலை மடக்கி முட்டியை நீட்டினாள், அவன் வெண்டைக்காயை நிறுத்தான். பிள்ளைகளுக்குப் போர்டில் எப்படிக் காட்டுகிறாய் என்று கேட்டேன். அடிஸ்கேல் வைத்துக் காட்டுகிறாளாம்.

"லூசா நீ" என்றேன்.

"அதுகளும் பிஞ்சுதானக்கா" என்றாள். பின்வாசலுக்கு அவள் வந்து நாலு நாள் ஆகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

செக்கிங்கில் ஒரு முறை உண்டு. ஒரு லைனில் வருகிற பீஸ் எல்லாம் ஓட்டையாக வந்தால் தைத்தவள் முகத்தைப் பார்க்க மாட்டோம். ஊசியை மாற்றி, மற்றதை அப்படியே விட்டு ஓட்டிப் பார்ப்போம். அப்புறம் நூல், அப்புறம் துணி. எது குற்றவாளி என்று தானாகத் தெரிந்துவிடும். காய்க்கு மட்டும் வேறு சட்டமா?

கிளை நுனியைக் கிள்ளிவிட்டதில் இப்போது பெண் பூ தாராளமாக வருகிறது. இன்று மொட்டாக இருந்த பிஞ்சுகளில் சிலவற்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன், சிலவற்றில் வெள்ளை நூல். சிவப்புக்குக் காலையும் மாலையும் விரல் நீட்டுவேன். வெள்ளையை ஏறிட்டும் பார்க்க மாட்டேன்.

பந்தலுக்கு அடியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றபோது இவர் பார்த்துவிட்டார். "என்ன புள்ள, சொரைக்காய்க்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டறியா?"

"நீங்க பேப்பரப் படிங்க."

செப்டம்பர் 26, வெள்ளி

சிவப்பும் விழுந்தது. வெள்ளையும் விழுந்தது. வித்தியாசமே இல்லை.

அப்படியானால் விரல் குற்றவாளி இல்லை. இதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்றும் தெரியும்: "உங்க வெரலு வேறங்க, அவங்க வெரலு வேறங்க." அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊசியைச் சோதிக்க வேண்டும் என்றால் அந்த ஊசியையே போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேட்டேவிட்டேன். மாடிக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் "புது மொட்டுக்கெல்லாம் மறுபடி நூல் கட்டியிருக்கேன். நீ வந்து சிவப்பு நூல் கட்டினதுக்கு மட்டும் வெரல் நீட்டு. ஒரு வாரம்" என்றேன்.

"விழுந்துட்டா?"

"நான் நீட்டினதும்கூடத்தான் விழுந்துச்சு."

"உனக்கு அதனால ஒண்ணும் ஆகாதுக்கா. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." ஒரு துண்டை நாலு தடவை மடித்துப் பிரித்தாள். "வெள்ளை விழாம, நான் காட்டுனது மட்டும் விழுந்துச்சுன்னா, நீ என்னையக் கட்டுச்சோத்துக்குக் கூட்டீட்டுப் போவியா?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. முடிவு தெரிவதற்கு முன்னால் பதில் சொல்வது செக்கிங்கில் பழக்கமில்லை.

துண்டை அடுக்கில் வைத்துவிட்டு அவளே "சரி, காட்டறேன்" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

நம்ப முடியவில்லை. அவள் விரல் நீட்டிய பிஞ்சு அத்தனையும் நிற்கிறது. ஒன்றுகூட விழவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வந்து, கழுத்துப் பளபளவென்று வெளிர்ப் பச்சைப் புள்ளியோடு தொங்குகிறது. வெள்ளை நூல் கட்டியது எல்லாம் விழுந்துவிட்டது.

இவர் "ஆகக் கமலா வெரல் பட்டாத்தான் காய் புடிக்கும். கட்டுச்சோத்துக்கு அவளத்தான் முன்னால உக்கார வெக்கோணும்" என்றார். அவருக்கு எல்லாம் சுலபம்.

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வருகிறது. கூடவே ஒரு அரிப்பும். எல்லாப் பீஸும் ஓட்டை என்றாலும் சந்தேகப்பட வேண்டும், ஒரு ஓட்டைகூட இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும். காட்டினால் கருகும் என்பதை நான் நம்பவில்லை. காட்டினால் பிழைக்கும் என்பதை மட்டும் எப்படி நம்புவது? சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வேறு என்னவோ ஒன்று மாறியிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் புது மொட்டுகளுக்கும் சிவப்பும் வெள்ளையும் கட்டிவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்து வழியாகத் திரும்பி வந்து, பின்வாசல் கதவிடுக்கில் நின்றேன். பூ விரிகிற நேரம். கமலவேணி வந்தாள். காய் இல்லாத ஆண் பூ ஒன்றைப் பறித்தாள். இதழை உரித்தாள். நடுவில் இருந்த மஞ்சள் பொடியை ஒரு பெண் பூவின் வாய்க்குள் வைத்து, பிள்ளைக்குப் பொட்டு வைப்பது போலப் பதமாகத் தடவினாள். அதன் காம்பில் சிவப்பு நூல். அடுத்த சிவப்புக்கும் அப்படியே. பக்கத்தில் வெள்ளை நூலோடு விரிந்திருந்த பூவைத் தொடவில்லை. அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"அப்படியா விசயம்" என்று வெளியே வந்தேன். கையில் இருந்த பூவைக் கீழே போட்டுவிட்டாள்.

நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு முதலில் வாயில் வந்தது "அதை எதுக்குத் தடவற?" என்பதுதான்.

"பொழுதோட பூக்கறதால தேனீ வர்றதில்லக்கா. அந்துப்பூச்சிதான் வரோணும். இங்க அதுவும் இல்ல. நம்மளா வெச்சாத்தான் காய் நிக்கும். மொதல்ல மூணும் விழுந்தப்பத் தூக்கம் வரல, ஃபோன்ல தேடிப் பாத்தேன்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா? நீ கண்ணால பாத்தாத்தான் நம்புவ. அதான் நீ பாக்கற மாதிரி செஞ்சேன்."

"வெள்ளைக்கும் வெச்சிருக்கலாமல்ல? எல்லாமே நின்னிருக்கும்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் நின்னா என்ற வெரலுக்கு என்ன பேரு வரும்? ஒண்ணும் வராது. நான் காட்டுனது மட்டும் நிக்கோணும்னு இருந்துச்சுக்கா. மத்தது ஒவ்வொண்ணா மஞ்சளாகறதப் பாத்துட்டு சும்மா இருந்தேன். ஒரு பூவு வெச்சிருந்தாப் பொழைச்சிருக்கும், வெக்கல. அப்ப அவங்க சொல்ற மாதிரித்தான நானு?"

"காய்க்கு இந்தப் பேச்சா" என்றேன்.

"காய்க்கு இல்ல. உன்ற பீரோவுல, பட்டுச்சேலைக்கு அடியில ஸ்கேன் படம் இருக்குது. போன வாரம் சேலை மடிச்சு வெக்கச் சொன்னயல்ல, அப்பப் பாத்தேன்."

"வெளிய தூசிக்கா..." என்று அவளையே அக்கா என்றுவிட்டேன். அவ்வளவு தடுமாற்றம்.

"போன வருசப் படமும் டிவி பக்கத்துலதான இருந்துச்சு. அதுக்குத் தூசி படலயா? சம்பந்தியம்மா நம்புறது எனக்கு ஒண்ணுமில்லக்கா. அவங்க அந்தப் பக்கம். நீ ஒளிச்சு வெச்சயே."

மாடிக்குப் போய்விட்டாள். வெள்ளை நூல் கட்டிய பூ இன்னும் விரிந்தே இருந்தது. அவள் கீழே போட்ட ஆண் பூவை எடுத்து நானே அதில் தடவினேன். பழக்கமில்லை, பொடி பாதி கீழே கொட்டிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

தூசிக்காக வைக்கவில்லை. பயந்துதான் வைத்தேன். முப்பது வருடம் ஓட்டை தேடிய கண்ணுக்குச் சொந்தப் பீரோவில் இருந்த ஓட்டை தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நான் தடவிய வெள்ளை நூல் பிஞ்சு விழவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. கமலவேணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன், விரல் நீட்டித்தான் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு "கொஞ்சம் கோணலா வருது, நீ ஒரு பக்கமா வெச்சிருக்க" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

பிறகு சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் செய்தேன். ஸ்பீக்கரிலேயே. பூ, பொடி, அந்துப்பூச்சி, சிவப்பு, வெள்ளை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "காயி வேறங்க, கொழந்த வேறங்க" என்றார்.

"அதேதானுங்க நானும் சொல்றேன். காய் வேற, கொழந்த வேற. அப்பறம் காய் விழுந்ததுக்கு எதுக்குங்க கொழந்தையப் பேசறோம்?"

அவர் வாய் திறப்பதற்குள் மேலே சொன்னேன்.

"கட்டுச்சோத்துக்கு என் தங்கச்சி வருவாளுங்க. வளையல் போடுவா. அவ அக்கட்ட நிக்கோணும்னா நானும் அவகூடத்தான் நிப்பேன்."

"அப்பறம் ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். "ஏதாச்சும் ஒண்ணுன்னா நாம ரெண்டு பேரும் ஒக்காந்து அழுவோமுங்க. அவளக் கொறை சொல்ல மாட்டோம்" என்றேன்.

"ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மேகலா ஃபோனில் சிரித்தாள். உள்ளே பிள்ளை வெடிச் சத்தத்துக்கு உதைக்கிறதாம். சம்பந்தியம்மா வாங்கிப் பேசினார், பலகாரம் பற்றி மட்டும். கடைசியில் "கட்டுச்சோத்துக்கு எத்தன பேரு வர்றீங்க?" என்று கேட்டார். எப்போதும் போலத்தான், கமலவேணியோடு சேர்த்து என்றேன். "செரீங்க" என்றார். அந்தச் செரிக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி வரைக்கும் யோசித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முதலில் நின்ற காய்களில் இரண்டு வெளுத்து, தட்டினால் மரம் போலக் கேட்கிறது. இன்னும் முற்ற வேண்டும், பறிக்க விடமாட்டேன் என்கிறாள் கமலவேணி. காம்பு தானாகக் காய வேண்டுமாம். என் கோணல் காய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

காங்கயம் போய் மேகலாவை அழைத்து வந்துவிட்டோம். உள் அறையில் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஆளுக்கொரு போசி தூக்கிக்கொண்டு இறங்கினோம். சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து "வாங்க" என்றார். எல்லோரையும் பார்த்துத்தான் சொன்னார், அவளையும் சேர்த்தா என்று தெரியவில்லை.

வளையல் போடும்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கமலவேணியை யாரும் கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். கடைசியில் மேகலாவே "சித்தி, கை வலிக்குது, சீக்கிரம் வா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கமலவேணி போனாள். ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் வளையலைப் பிடித்து ஏற்றினாள். ஒரு வளையலுக்கு அவ்வளவு நேரம் ஆனது. சம்பந்தியம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரம். மேகலா கேட்டாள், "அம்மா, படம் கொண்டாந்தியா? உன்றகிட்டத்தான குடுத்தேன்."

கைப்பையில்தான் இருந்தது. காலையில் பீரோவைத் திறந்து எடுத்து வைத்திருந்தேன். கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. எடுத்துக் கொடுத்தேன்.

படம் கைமாறிக் கைமாறிப் போனது. "எல்லாம் பொகை மாதிரி இருக்குது, இதுல எதுங்க கொழந்தை?" என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலைகீழாக வைத்துப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டும் "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். எது குழந்தை என்று இரண்டு மாதமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறார், பாவம். மகனைக் கேட்க வெட்கமாம்.

"சித்திக்குத்தான் தெரியும். சித்தி, நீ காட்டு" என்றாள் மேகலா.

கமலவேணி படத்தை வாங்கி மடியில் வைத்து, விரலை மடக்கி முட்டியை அதன்மேல் வைத்தாள். "இங்க வருதல்ல, இதான் தலை."

"முட்டிய வெச்சு மொத்தத் தலையவும் மறைச்சுட்டியே" என்றாள் மேகலா.

கமலவேணி என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூ, பொடி, நூல் எல்லாம் பார்த்து முடித்தவள் நான். அப்படியும் எனக்குப் பயமாக இருந்தது. போன வருடத்து ஆஸ்பத்திரி வாசம் மூக்கில் வந்து நின்றது. பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அது போகாது என்று தோன்றியது.

"வெரல நீட்டிக் காட்டு" என்றேன்.

மெதுவாகத்தான் நீட்டினாள். பிறகு எல்.கே.ஜி. டீச்சர் குரல் வந்துவிட்டது. "இது என்ன? நெத்தி. இது மூக்கு, சப்பையாத்தான் இருக்குது, அவங்கப்பா மூக்கு. இங்க பாருங்க, முதுகெலும்பு, மணி கோத்த மாதிரி." பெண்கள் எல்லாம் குனிந்துவிட்டார்கள்.

சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கமலவேணியின் தோளோடு தோளாக வந்து உட்கார்ந்தார்.

"அப்பக் கை எங்கீங்க?"

"மூக்குக்குக் கீழ பாருங்க, மடக்கி வெச்சிருக்குது."

"எதுங்க... இதுங்களா?"

கேட்கும்போது சம்பந்தியம்மாவின் ஆள்காட்டி விரல் நீண்டு, குழந்தையின் கைமேல் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மேகலா என் பக்கம் திரும்பினாள். நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.